டேப்பைப் பிரித்துப் பாருங்கள்

மூன்று வாரமாக மனதுக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறது. இன்று கொட்டிவிடுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபதடிப் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். "ரிக்கிங் முழுக்கப் போன வருஷம்தான் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தோம், பாயும் தைத்தாகிவிட்டது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ரிக்கிங் என்றால் பாய்மரத்தைத் தாங்கும் கம்பி, பாயை ஏற்றும் கயிறு எல்லாம். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. பாய் வெள்ளை வெளேரென்று, கம்பியெல்லாம் பளபளவென்று, கம்பிகள் தளத்தில் வந்து மாட்டும் இடத்தில் கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிள் ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து கீழ்வரை வெள்ளை டேப் சுற்றி அவ்வளவு நேர்த்தி. அந்த டேப்தான் என் வயிற்றெரிச்சல்.

பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பி 19 இழை சேர்த்து முறுக்கியது. அதன் நுனி ஸ்வேஜ் என்கிற ஸ்டீல் குழாய்க்குள் போய், நசுக்கி இறுக்கப்பட்டிருக்கும். கெடுவதென்றால் முதலில் கெடுவது அந்தக் குழாயின் வாய்தான், அதுவும் கீழ்நுனியில், ஏனென்றால் கம்பி வழியே இறங்கும் உப்புத் தண்ணீர் முழுக்க அங்கே போய்த்தான் தேங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவே பிடிக்காது என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள்: அதைக் காப்பது மேலே படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம், அந்தப் படலத்தில் கீறல் விழுந்தால் மறுபடி உருவாக அதற்கு ஆக்சிஜன் வேண்டும். டேப்பை இறுக்கிச் சுற்றி உப்பு ஈரத்தை உள்ளே அடைத்துவிட்டால் ஆக்சிஜன் எங்கிருந்து வரும்?

பிரித்தேன். ஸ்வேஜ் வாயைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஒரு வளையம். துணியால் துடைத்தபோது துணி எதிலோ மாட்டி நூல் நூலாக இழுத்தது. அறுந்த இழை! விரலை மெதுவாகச் சுற்றிக் கொண்டுபோனால் பக்கத்திலேயே இன்னொன்று, ஊசி போலக் குத்தியது. ஒரு இழை அறுந்தாலே அந்தக் கம்பியைக் கழற்றி வீச வேண்டும், இதில் இரண்டு. அறுந்த பிறகு டேப் சுற்றினார்களா, சுற்றிய பிறகு உள்ளேயே அரித்து அறுந்ததா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் தப்புதான். டர்ன்பக்கிள் கழன்றுவிடாமல் செருகும் ஸ்ப்ளிட் பின்னின் கூர்முனை பாயையும் காலையும் கிழிக்காமல் இருக்க டேப் சுற்றுவார்கள், சரி, அதற்கு அந்த முனையில் ஒரு சுற்று போதுமே. கம்பி நுனியையே பொட்டலம் கட்டச் சொன்னது யார்? அது அறுந்தால் பாய்மரமே சாயும், கீழே ஆள் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம் பாய். பாலியஸ்டர் பாயில் துணிக்கு முன்னால் செத்துப்போவது தையல் நூல். துணி விறைப்பானது, நூல் அதற்குள் அமிழாது, மேலே துருத்திக்கொண்டு நிற்கும், வெயிலும் உராய்வும் நேராக அதன் மேல்தான். இதைச் சோதிக்க ஒரு கருவியும் வேண்டாம், நகத்தால் தையலைச் சுரண்டினால் போதும். நான் சுரண்டினேன், நூல் மாவாக உதிர்ந்தது. துணித் துண்டுகள் சேரும் மூட்டுகளில் கிழிந்திருந்த ஒன்றை மட்டும் புதிதாகத் தைத்திருக்கிறார்கள், மற்ற மூட்டுகளெல்லாம் அதே பழைய நூலில். ஆனால் பாயை மட்டும் எதிலோ போட்டு வெளுத்திருக்கிறார்கள். இயந்திரத்தில் போட்டுப் புரட்டினால் துணிக்கு விறைப்பு தரும் ரெசின் பூச்சு உடைந்துபோகும், பாய் பழைய வேட்டி மாதிரி தொளதொளத்துவிடும், காற்று கூடும்போது பாயின் உப்பிய வயிறு பின்னால் நகர்ந்து படகு முன்னே போவதற்குப் பதில் ஒரு பக்கமாகச் சாயும். அழுக்கோடு இருந்திருந்தால் இன்னும் சில வருஷம் ஓடியிருக்கும் அந்தப் பாய். பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை) நூல் என்று ஒன்று இருக்கிறது, வெயில் அதை ஒன்றும் செய்யாது, விலை கூடத்தான், ஆனால் துணி போன பிறகும் நூல் இருக்கும். அந்த நூலில் எல்லா மூட்டுகளையும் மறுபடி தைத்துக் கொடுங்கள் என்று கேட்டால் எங்கே போனாலும் ஒரே பதில், புதுப் பாய் வாங்கிவிடுங்கள்.

இதையெல்லாம் விடக் கோபம் வந்தது அந்த "அப்கிரேடு" மேல். முன்பு பாயை ஏற்ற கம்பி இருந்ததாம், அதை எடுத்துவிட்டு டைனீமா என்கிற செயற்கை இழைக் கயிறு போட்டிருக்கிறார்கள். அருமையான கயிறு, எடைக்கு எடை ஸ்டீலை விடப் பலம், அவ்வளவாக நீளவும் நீளாது. ஆனால் வழுக்கும். முடிச்சுப் போட்டால் பாதிப் பலத்துக்கு மேல் போய்விடும், அதனால்தான் கயிற்றின் வாலைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னுவார்கள், விட்டத்தைப் போல 72 மடங்கு நீளத்துக்கு. 5 மில்லிமீட்டர் கயிறென்றால் 36 சென்டிமீட்டர். உட்கார்ந்தால் அரைமணி நேர வேலை. இவர்கள் ஒரு முடிச்சைப் போட்டு, அதன் மேலும் டேப்! உச்சியில் இருக்கும் கப்பியையாவது மாற்றினார்களா என்றால் அதுவும் இல்லை. வருஷக்கணக்கில் கம்பி ஓடி அறுத்த குறுகலான பள்ளம், விளிம்பெல்லாம் கத்தி. புதுக் கயிற்றின் மேலுறை அந்த இடத்தில் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து கிடக்கிறது.

பட்டறைக்குப் போன் செய்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டேப்பை ஏன் சார் பிரிச்சீங்க, கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்தது" என்றார்கள்.

பாய்மரத்தை இறக்கித் தரையில் கிடத்தியிருக்கிறேன். ஆறு கம்பியின் நுனிகளையும் பிரித்துவிட்டேன், இன்னும் ஒன்றில் இழை அறுந்திருக்கிறது. ஆறையும் மாற்றுகிறேன், பாயை நானே தைக்கிறேன். புதுக் கம்பியில் எவரும் டேப்போடு கிட்டே வரக்கூடாது.