புதிய கல்லீரலிலும் பி வைரஸ் திரும்பி வரும்

ஹெபடைடிஸ் பி காரணமாகக் கல்லீரல் மாற்றிக்கொண்டவர்கள், புதிய கல்லீரலில் வைரஸ் இருக்காது என்பதால் ஓராண்டுக்குப் பிறகு எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடலாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. தயவுசெய்து யாரும் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

பழைய கல்லீரலை எடுத்தாலும் வைரஸ் ரத்த அணுக்களில் பதுங்கியிருக்கும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் அதற்கு வழிவிடுகின்றன. குறிப்பாக ஸ்டீராய்டு, இந்த வைரஸ் பெருகுவதை நேரடியாகவே தூண்டக்கூடியது. அதனால்தான் அதைச் சில மாதங்களில் படிப்படியாகக் குறைத்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸை முதன்மையாக வைத்துக்கொள்கிறார்கள். கூடவே வைரஸைக் கட்டுப்படுத்தும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரை நீண்ட காலம் தொடர வேண்டும். டாக்ரோலிமஸும் டெனோஃபோவிரின் பழைய வடிவமும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறினால் மருத்துவர் மருந்தை மாற்றுவார், நாமாக மாற்றக்கூடாது.

ஹெபடைடிஸ் சி வேறு கதை. அதைப் பெரும்பாலும் 12 வார மாத்திரைகளில் குணப்படுத்திவிடலாம். அப்போதும் டாக்ரோலிமஸ் நிற்காது. அது வைரஸுக்கான மருந்தல்ல, உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமலிருக்கத் தருவது. மருந்தை முழுவதும் நிறுத்த முடிந்தவர்கள் சிலர் உண்டு. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, அடிக்கடி ரத்தப் பரிசோதனையோடு கண்காணிக்கப்பட்டவர்கள்.

கல்லீரல் மாற்றிக்கொண்ட என் அண்ணன் ரத்தப் பரிசோதனை நாளில் காலை டாக்ரோலிமஸ் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ரத்தம் கொடுத்த பிறகுதான் விழுங்குவார். முன்பே விழுங்கினால் மருந்தின் அளவு தவறாகக் காட்டும். இவ்வளவு நுட்பமாக அளந்து கொடுக்கும் மருந்தை ஒரு வரி அறிவுரையால் நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த வரியை நீக்கிவிடுங்கள்.