பொம்மை அச்சில் பிறந்த ஊர்கள்

ரோபோக்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளைப் படிக்கிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு முதலில் சிரிப்பு வரும். அப்புறம், "டிரான்ஸ்ஃபார்மர்ஸ்தானே, கார் ரோபோவாகும், ரோபோ சண்டை போடும், அதில் படிக்க என்ன இருக்கு?" என்பார். சண்டை எனக்கும் அலுப்புதான். சண்டை நின்றபிறகு வரும் பக்கங்களுக்காகத்தான் படிக்கிறேன். நாற்பது வருடமாக இந்த ரசிகர்கள் சைபர்ட்ரான் என்ற இரும்புக் கிரகத்துக்கு ஊர், தெரு, தொழில், சாப்பாடு, சாவு, துக்கம் எல்லாம் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆரம்பத்தில் அவர்கள் கையில் இருந்தவை சில பொம்மைகள், ஒரு கார்ட்டூன், ஒரு காமிக்ஸ், பொம்மைப் பெட்டியின் பின்பக்கத்தில் நாலு வரி. அவ்வளவுதான்.

அந்தப் பொம்மைகளும் முழுக்கப் புதியவை அல்ல. 1984இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கியவற்றில் பெரும்பாலானவை, ஜப்பானின் டகாரா நிறுவனம் டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்ற பெயர்களில் ஏற்கெனவே விற்றவை. டயாக்ளோன் ரோபோவுக்கு உயிர் கிடையாது. உள்ளே ஒரு குட்டி மனிதன் உட்கார்ந்து ஓட்டுவான். ஹாஸ்ப்ரோ இவற்றுக்கு உயிர் கொடுக்க நினைத்து மார்வெலிடம் கதை கேட்டது. நல்ல ரோபோக்களின் தலைவனுக்கு ஆப்டிமஸ் பிரைம் என்று பெயர் வைத்தவர் டென்னி ஓ'நீல். மற்ற பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் ஆளுக்கொரு குணக்குறிப்பும் அவசர அவசரமாக எழுதித் தந்தவர் பாப் புடியான்ஸ்கி.

அச்சு செய்வது செலவு பிடித்த வேலை. அதனால் ஒரே அச்சில் வார்த்து, நிறத்தை மாற்றி, வேறு வேறு பெயரில் விற்றார்கள். ப்ரவுல், ப்ளூஸ்ட்ரீக், ஸ்மோக்ஸ்கிரீன் மூவரும் அப்படி வந்தவர்கள்தான். மூன்றும் ஒரே டாட்சன் கார். ரோபோவாக நிற்கும்போது மூவருக்கும் காரின் கதவுகள் முதுகில் சிறகு மாதிரி விரிந்திருக்கும். இதில் ப்ளூஸ்ட்ரீக்கின் பெட்டியில் இருந்த குறிப்பு, அவன் ஓயாமல் பேசுபவன் என்றும், எதிரி அணியான டிசெப்டிகான்கள் தன் ஊரை அழித்த நினைவு அவனை விடாமல் வதைக்கிறது என்றும் சொல்கிறது. எந்த ஊர் என்று இல்லை.

ரசிகர்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மூவருக்கும் ஒரே உடம்பு என்றால் மூவரும் ஓர் ஊர்க்காரர்கள் என்று வைத்துக்கொண்டார்கள். ஊருக்கு ப்ராக்ஸஸ் என்று பெயரும் ஆயிற்று. அடுத்தது அந்தக் கதவுகள். வருத்தம் வந்தால் தொங்கும், கோபம் வந்தால் விறைத்து நிற்கும். இப்போது ப்ரவுலை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் எதையும் காட்டாத, கணக்குப் போட்டே பேசும் ஆள். ஊர் போய்விட்டது. முகாமில் இருக்கும் மற்றவர்களுக்கு அவன் கல். ஆனால் கூட்டத்தின் கடைசியில் நிற்கும் ப்ளூஸ்ட்ரீக்குக்கு அந்தக் கதவுகள் அரை அங்குலம் தாழ்ந்தது தெரியும். அழிந்துபோன ஊரின் பாஷையை இன்னும் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம். இத்தனைக்கும் மூலகாரணம் ஒரு கம்பெனி அச்சுச் செலவை மிச்சம் பிடித்தது!

"அடுத்தவன் கதாபாத்திரத்தை எடுத்து எழுதுவது ஒரு எழுத்தா?" என்று கேட்பவர்களிடம் ஜேம்ஸ் ராபர்ட்ஸின் பெயரைச் சொல்வேன். பிரிட்டனில் ரசிகர்களுக்குள் எழுதிக்கொண்டிருந்தவர். 2001இல் ஒரு முழு நாவலையே ரசிகர் புனைவாகக் கொண்டுவந்தார். பிறகு ஐடிடபிள்யூ நிறுவனத்துக்கு அதிகாரபூர்வமான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் காமிக்ஸ் எழுதப் போனார். 2012இல் தொடங்கிய அவருடைய தொடரில் வரும் சமூகம் எப்படி என்றால், நீ எதுவாக உருமாறுகிறாயோ அதுதான் உன் தொழில், அந்தத் தொழில்தான் உன் தகுதி. மீறினால் தண்டனை. இதைப் புரிந்துகொள்ள நமக்கு யாரும் உரை எழுதித் தர வேண்டியதில்லை. வர்ல் என்ற ஹெலிகாப்டருக்கு ஒற்றைக் கண், கைகளுக்குப் பதில் கொடுக்குகள். அதை வெறும் வடிவமைப்பாக நினைத்துக் கடந்து போயிருக்கலாம். ராபர்ட்ஸ் அதையே தண்டனையாக்கினார். கடிகாரம் செய்ய ஆசைப்பட்ட ஹெலிகாப்டர் அவன். முகத்தையும் கைகளையும் பிடுங்கிக்கொண்டு, பல்சக்கரத்தை எடுக்கவே முடியாத கொடுக்குகளைப் பொருத்திவிட்டார்கள். ரசிகர் கதை எழுதிப் பழகிய கைக்குத்தான் இது வரும் என்று நினைக்கிறேன். பொம்மையில் இருப்பதை மாற்ற முடியாது, ஏன் அப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கலாம் என்ற கட்டுப்பாட்டில் வளர்ந்த கை அது.

எல்லாமே இப்படி இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ரோபோக்கள் காபிக் கடையில் சந்தித்துக்கொள்ளும் கதைகள் குவிந்து கிடக்கின்றன. பெயரை மாற்றிவிட்டால் அதில் வருபவர்கள் சாதாரணக் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். உடம்பு இரும்பு என்பதால் கதையில் ஒன்றுமே மாறவில்லையென்றால் எதற்கு ரோபோ? இன்னொரு எரிச்சல், தொடக்கத்திலேயே ஒரு பக்கத்துக்குச் சொற்பட்டியல் போடுவது. மார்வெல் காமிக்ஸில் ப்ரீம் என்றால் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல், வோர்ன் என்றால் 83 வருடம். ரசிகர்கள் இதை இழுத்து நாள், வாரம், மாதம் என்று முழுப் பஞ்சாங்கமே போட்டுவிட்டார்கள். போடட்டும், ஆனால் கதைக்குள் அது வேலை செய்ய வேண்டும். மனித நண்பனிடம் ஒரு ரோபோ விடைபெறும்போது, "ஒரு வோர்ன் கழித்து வந்து பார்க்கிறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனால், பட்டியல் எதுவும் இல்லாமலே வாசகருக்கு வயிற்றில் ஏதோ செய்யும்.

நல்ல ரசிகர்களுக்கு ஓட்டை என்றால் கொண்டாட்டம். கார்ட்டூனில் ஆப்டிமஸ் லாரியிலிருந்து ரோபோவாக எழும்போது பின்னால் இருந்த ட்ரெய்லர் காணாமல் போய்விடும். வரைந்தவர்கள் கவலைப்படவில்லை. ரசிகர்கள் கவலைப்பட்டு, ஒவ்வொரு ரோபோவுக்கும் வேறொரு பரிமாணத்தில் ஒரு மறைபை இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். இப்போது அந்தப் பைக்குள் யார் எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதே கதையாகிவிடுகிறது. செத்த நண்பனின் உடைந்த பாகம், திருடிய எனர்ஜான் (அதுதான் அவர்களுக்கு எரிபொருள், சாப்பாடு எல்லாம்), கொடுக்காமல் விட்ட கடிதம். டயாக்ளோன் காலத்து ஓட்டுநர் இருக்கையும் பொம்மைகளில் அப்படியே தங்கிவிட்டது. தன் உடம்புக்குள் ஏன் யாரோ உட்கார இடம் இருக்கிறது என்று ஒரு ரோபோ யோசிக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும், பாருங்கள்!

எனக்கு ரொம்பப் பிடித்த ஓட்டை டிசெப்டிகான்களின் தலைவன் மெகாட்ரான். பழைய பொம்மை வால்தர் பி38 கைத்துப்பாக்கியாக மாறும். கார்ட்டூனில் அத்தனை பெரிய உடம்பு சுருங்கி இன்னொருவன் கைக்குள் போய் உட்காரும். உடம்பின் எடை எங்கே போகிறது என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கை யாருடையது என்பதுதான் விஷயம். பல நேரம் அது அவனுக்குக் கீழே இருக்கும் ஸ்டார்ஸ்க்ரீமுடைய கை. தலைவன் நாற்காலியில் தான் உட்கார வேண்டும் என்று வெளிப்படையாகவே சதி செய்பவன். ஒரு கிரகத்தையே நடுங்க வைத்த சர்வாதிகாரி, தன் முழு பலத்தையும் காட்ட வேண்டுமென்றால் அவன் கைக்குள் போக வேண்டும், விசையை அவன்தான் அழுத்த வேண்டும். இருவருக்கும் அது தெரியும்.

இந்த ஒரு முடிச்சை மட்டும் வைத்துக்கொண்டு, போர்க்களம் பக்கமே போகாமல், யாராவது நீளமாக எழுதியிருந்தால் கீழே சுட்டி போடுங்கள். காபிக் கடை வேண்டாம்.