ஏழாவது பாட்டு

(வேதாரண்யம். போகிக்கு முந்தின நாள். பரணிலிருந்து இறங்கிய சாமான்கள் கூடம் முழுக்கக் கிடக்கின்றன. சித்தப்பா தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கயலுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, பொங்கலுக்கு வந்திருக்கிறாள்.)

கயல்: சித்தப்பா! இந்த டேப் ரெக்கார்டர் ஏன் பழைய இரும்போடு கிடக்கிறது?

சித்தப்பா: பின்னே, பூஜை அறையிலா வைப்பது? நாளைக்குப் போகி. பழையன கழிதல்.

கயல்: பிளாஸ்டிக்கை எரிக்கக் கூடாது சித்தப்பா.

சித்தப்பா: யார் எரிப்பது? இரண்டு மணிக்குக் காயலான்கடைக்காரர் வருகிறார். பழைய பேப்பரோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு பிளாஸ்டிக் குடம் தருகிறாராம். உன் சித்தி கலர்கூடச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

கயல்: குடமா! சென்னையில் ஒரு காபிக் கடையில் இதே மாதிரி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு காபி 280 ரூபாய்.

சித்தப்பா: அது பாடுமா?

கயல்: பாடாது. சும்மா பார்ப்பதற்கு.

சித்தப்பா: நம் முக்குக் கடையில் 15 ரூபாய்க்கு டீயும் உண்டு, ரேடியோவும் பாடும். கடைக்காரரும் சேர்ந்து பாடுவார். அதற்குத் தனிக் காசு கிடையாது.

கயல்: உங்களுக்கு இதன் அருமை தெரியவில்லை. பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கேசட்டைக் கொண்டுவந்தபோது உலகமே...

சித்தப்பா: 1963-ஆ? நானும் அந்த வருஷம்தான். அது எனக்கு முன்னாலேயே ரிட்டயர் ஆகிவிட்டது, பாவம். பென்ஷனும் இல்லை.

கயல்: அதை என்னிடம் கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு இதைப் பிடியுங்கள். புளூடூத் ஸ்பீக்கர். உங்களுக்கென்றே வாங்கி வந்தேன்.

சித்தப்பா: உரிச்ச தேங்காய் மாதிரி இருக்கிறது. அதென்ன டூத்? பல்லா?

கயல்: பல்லேதான். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கில் ஹரால்டு என்று ஒரு ராஜா. பட்டப்பெயர் 'நீலப்பல்'. பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவராம். போனையும் ஸ்பீக்கரையும் இது சேர்த்து வைக்கிறது இல்லையா, அதனால் அவர் பெயர்.

சித்தப்பா: அந்த ஊரில் வெற்றிலை இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. நம் ஊர் ராஜா யாராவது சேர்த்து வைத்திருந்தால் இதற்குக் 'காவிப்பல்' என்று பெயர் வைத்திருப்பார்கள்.

கயல்: சிரிக்காதீர்கள். உங்கள் காலத்தில் எல்லாமே எவ்வளவு அழகு! நாடா தளர்ந்தால் பென்சிலை விட்டுச் சுற்றுவது...

சித்தப்பா: அழகா? நல்ல பாட்டாகப் பார்த்துத்தான் நாடாவைத் தின்னும். உள்ளே சிக்கினதை இடியாப்பம் மாதிரி நூல் நூலாக இழுக்க வேண்டும். பெல்ட் தளர்ந்துபோனால் அதைவிட மோசம். டூயட்டில் அந்த அம்மாவுக்கும் ஆண் குரல் வந்துவிடும். இரண்டு ஆம்பிளைகள் கட்டிப்பிடித்துக் காதலிக்கிற மாதிரி இருக்கும்.

கயல்: டி.வி.யாவது? வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடுமாமே. அப்பா சொல்லியிருக்கிறார்.

சித்தப்பா: உன் அப்பா சொல்லுவார். அவர் முதல் வரிசை. நான் மொட்டை மாடியில். இந்தப் பக்கம் தூர்தர்ஷன், அந்தப் பக்கம் இலங்கை ரூபவாஹினி. நடுவில் ஆன்டெனாவைத் திருப்ப ஓர் ஆள் வேண்டும். ஒளியெல்லாம் கீழே இருந்தவர்களுக்கு. எனக்கு வந்த ஒலி ஒன்றே ஒன்று: "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஐயோ, போச்சு!"

கயல்: அப்படியென்றால் பழசில் உங்களுக்கு ஒன்றுமே பிடிக்காதா?

சித்தப்பா: ராத்திரி ரேடியோ பிடிக்கும். இலங்கை வானொலி அடுத்த வீட்டுத் திண்ணையில் பேசுகிற மாதிரி வரும். அப்துல் ஹமீது அறிவிப்பு சொன்னால் போதும், பாட்டு வராவிட்டாலும் பரவாயில்லை என்றிருக்கும். அதில் தின்கிற நாடாவும் இல்லை, தளருகிற பெல்ட்டும் இல்லை. சரி, விஷயத்துக்கு வா. போனில் பாட்டு கேட்டால் சரணம் தொடங்குவதற்குள் ஒருவன் வந்து "கடன் வேண்டுமா?" என்கிறான். அவன் வராமல் இருக்க மாசச் சந்தா ஏதோ உண்டாமே. அதைப் போட்டுக் கொடு. டேப்பை எடுத்துக்கொள்.

கயல்: சரி. சித்தியின் குடம்?

சித்தப்பா: அதுவும் உன் கணக்கில்தான்.

கயல்: முதலில் பாடுகிறதா என்று பார்த்துவிடுகிறேன். பெல்ட் தளர்ந்திருக்கும் என்றீர்களே.

சித்தப்பா: இல்லை இல்லை, போன வருஷம்தான் புதுசு மாற்றினேன்.

கயல்: போன வருஷமா? காயலான்கடைக்குப் போகிற சாமானுக்குப் புது பெல்ட் எதற்கு?

சித்தப்பா: ...குடம் கொஞ்சம் பெரிதாகக் கிடைக்குமே என்றுதான்.

கயல்: ஓகோ. இதோ ஒரு கேசட். டி.டி.கே. அறுபது. பென்சிலில் உங்கள் கையெழுத்து. ஏ பக்கம், ஏழு பாட்டு.

சித்தப்பா: ஏழாவதுக்கு ஓட்டி வை. மற்றதெல்லாம் சுமார்.

(ஓட்டி வைக்கிறாள். பாட்டு வருகிறது. சித்தப்பா பழைய பேப்பரை அடுக்குவதை நிறுத்திவிடுகிறார். ஒரு சரணம் முடிகிறது. அடுத்தது தொடங்கி, ஒரு சொல்லின் பாதியில் 'டக்'.)

கயல்: ஐயோ, நின்றுவிட்டது!

சித்தப்பா: நிற்கவில்லை. முடிந்துவிட்டது.

கயல்: 'நிலா'வில் 'நி' மட்டும்தானே வந்தது?

சித்தப்பா: கணக்கைக் கேள். அறுபது கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிஷம். பாட்டு ஒன்று நாலரை நிமிஷம். ஆறு பாட்டுக்கு 27 ஆயிற்று. ஆறுதான் பிடிக்கும் என்று ரெக்கார்டிங் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். காசு கொடுத்து வாங்கின நாடாவில் மூன்று நிமிஷத்தைச் சும்மா விடுவதா? ஏழாவதையும் எழுதிக் கொடுத்தேன். அவரும் எனக்கென்ன என்று பதிந்து கொடுத்துவிட்டார்.

கயல்: அப்போதிருந்து முழுப் பாட்டைக் கேட்டதே இல்லையா?

சித்தப்பா: போனில் கேட்டேன். 'டக்' வர வேண்டிய இடத்தைத் தாண்டி இன்னும் ஒன்றரை நிமிஷம் பாடிக்கொண்டே போகிறார்கள். யாரோ பின்னால் ஒட்டவைத்த மாதிரி. பாட்டே கெட்டுப்போய்விட்டது.

கயல்: சித்தப்பா, இசையமைப்பாளர் போட்டதே அவ்வளவுதான்!

சித்தப்பா: எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. கேசட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

கயல்: இருங்கள். இந்த ஸ்பீக்கரில் முழுசாகப் போடுகிறேன். பேசாமல் கேளுங்கள்.

(ஸ்பீக்கர் பாடுகிறது. சித்தப்பா கண்ணை மூடித் தொடையில் தாளம் போடுகிறார். இரண்டாவது சரணம். 'நி' வந்ததும் தாளம் நிற்கிறது. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, ஸ்பீக்கரை எடுத்துக் கவிழ்த்து வைக்கிறார்.)

கயல்: என்ன செய்கிறீர்கள்?

சித்தப்பா: பி பக்கம்.

கயல்: இது உருண்டை சித்தப்பா. இதற்குப் பக்கமே கிடையாது.

சித்தப்பா: அதுதான் பார்த்தேன். இன்னும் பாடிக்கொண்டே இருக்கிறதே!

(வாசலில் ஒரு குரல்: "பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக்கே...ய்!")

சித்தப்பா: (டேப் ரெக்கார்டரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு) கயலு, ஓடு ஓடு. உரிச்ச தேங்காய்க்கு என்ன குடம் தருவார் என்று கேட்டுக்கொண்டு வா.