மான் ஆனாலும் ஆகட்டும், மருமகள் ஆகக் கூடாது

பெரியப்பா மகன் நேற்று இரவு ஒரு காணொளி அனுப்பியிருந்தான். இருண்ட காடு, ஆந்தை அலறல், ஒரு கிராமமே ஒரே இரவில் மாயமாகிவிட்டது என்று அடித்தொண்டையில் ஒரு குரல். அமெரிக்காவின் ரோனோக் தீவுக் கதைதான். எனக்கு மிகவும் பிடித்த கதை. கோபமும் அதனால்தான்.

ஒரே இரவு என்று யார் சொன்னது? இன்றைய வட கரோலினாவின் கரையோரத் தீவு அது. 1587இல் ஆங்கிலேயர் சுமார் 115 பேர் அங்கே குடியேறினார்கள். ஆகஸ்ட் 18 அன்று ஆளுநர் ஜான் வைட்டின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வர்ஜீனியா டேர். பத்து நாள்கூட ஆகவில்லை, உணவும் பொருளும் கொண்டுவரத் தாத்தா இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஸ்பெயினுடன் போர், கப்பல் கிடைக்கவில்லை. அவர் திரும்பிய நாள் பேத்தியின் மூன்றாவது பிறந்தநாள். இந்த மூன்று ஆண்டுகளைத்தான் ஓர் இரவாகச் சுருக்கிவிட்டார்கள்.

வீடுகள் பிரிக்கப்பட்டிருந்தன. மரவேலித் தூணில் 'குரோட்டோவன்' என்று செதுக்கியிருந்தது. அது தெற்கே உள்ள தீவு. ஆங்கிலேயரின் பழங்குடி நண்பன் மான்டியோவின் சொந்த ஊர். இடம் மாறினால் போகும் ஊரின் பெயரைச் செதுக்க வேண்டும், ஆபத்து என்றால் சிலுவைக் குறியும் போட வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். சிலுவை இல்லை. வைட் மகிழ்ந்துபோனதாகவே எழுதியிருக்கிறார். புயலில் நங்கூரங்கள் போயின; குரோட்டோவனுக்குப் போகாமலே கப்பல் இங்கிலாந்து திரும்பியது. பூட்டிய கதவில் 'பக்கத்து வீட்டில் இருக்கிறோம்' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, ஐயோ மர்மம் என்று அலறுவார்களா?

எல்லோரும் அங்கேதான் போனார்களா, சிலர் உள்நாட்டுப் பக்கம் பிரிந்தார்களா என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அது நியாயமான கேள்வி. ஜான் லாசன் என்ற பயணி 1709இல் எழுதியதையும் பாருங்கள்: எங்கள் முன்னோரில் சிலர் எழுத்துப் படிக்கத் தெரிந்த வெள்ளையர் என்று அந்தக் கரையோரப் பழங்குடியினரான ஹாட்டெராஸ் மக்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்குச் சாம்பல் நிறக் கண்களாம்.

இது யாருக்கு வேண்டும்? வெள்ளை மான் அல்லவா வேண்டியிருந்தது! பின்னால் கட்டிய கதையில் வர்ஜீனியா வளர்ந்து அழகியாகிறாள். ஓகிஸ்கோ என்ற பழங்குடி இளைஞன் காதலிக்கிறான். பொறாமை கொண்ட மந்திரவாதி அவளை வெள்ளை மானாக்கிவிடுகிறான். மாயத்தைத் தீர்க்கும் அம்புடன் ஓகிஸ்கோ காத்திருக்கிறான். இங்கிலாந்து அரசி தந்த வெள்ளி அம்புடன் வாஞ்சீஸ் என்ற இன்னொரு பழங்குடி ஆளும் வருகிறான். இரண்டும் ஒரே நொடியில் பாய்கின்றன. ஒன்று அவளை மீண்டும் பெண்ணாக்குகிறது, மற்றொன்று உயிரை எடுக்கிறது. அவள் ரத்தம் பட்டு அந்த ஊர்த் திராட்சை சிவந்ததாம்.

எத்தனை முறை படித்தாலும் அந்த இரண்டு அம்புகள் என்னை உலுக்கிவிடுகின்றன. ஆனால் இந்தக் கதை பரவியது 1901இல் வெளிவந்த ஒரு நெடுங்கவிதையால். நண்டு பிடித்து, குரோட்டோவன் மொழி பேசி, நாலு பிள்ளை பெற்று நரைத்த கிழவியாக அவளை நினைத்துப் பார்க்க, கதை சொன்னவர்களுக்கு மனம் வரவில்லை. மான் ஆனாலும் ஆகட்டும், மருமகள் ஆகக் கூடாது. பிற்காலத்தில், குடியேறிகளை எதிர்க்கும் ஓர் அமெரிக்க இணையதளம் அவள் பெயரையே சூட்டிக்கொண்டது. கப்பலில் வந்திறங்கியவர்களின் குழந்தை அவள்!

ரோனோக் பகுதியின் பழங்குடித் தலைவன் விங்கினாவை 1586இல் ஆங்கிலேயர் கொன்று தலையைக் கொய்தார்கள். அவனை எந்தக் கவிதையும் மானாக்கியதாக நான் படித்ததில்லை.

இதையெல்லாம் தம்பிக்கு எழுதி அனுப்பினேன். இப்போதுதான் பதில் வந்தது: "சரி அண்ணா, அந்த மானை யாராவது பார்த்திருக்கிறார்களா?"