தேதியை விடுங்கள், குடிமதிப்புக்கு வாருங்கள்

டிசம்பர் பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் அந்த ஃபார்வர்டும் பிறந்துவிடும். கிறிஸ்துமஸ் என்பது ரோமானியர்களின் சூரியப் பண்டிகை, அதைக் கிறிஸ்தவர்கள் ஆட்டையைப் போட்டுவிட்டார்கள் என்று. உடனே எதிர்த்தரப்பிலிருந்து, டிசம்பர் 25-க்கு ரோமானிய ஆவணமே இருக்கிறது என்று இன்னொன்று வரும். இரண்டு பக்கமும் தேதிக்காக அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தில் இருப்பதிலேயே சப்பையான கேள்வி தேதிதான். நற்செய்தி நூல்கள் எதிலும் தேதி இல்லை. ஜூலையில் பிறந்தார் என்று நாளைக்கே நிரூபித்தாலும் பைபிளில் ஒரு வரி மாறாது.

உண்மையான சிக்கல் லூக்கா எழுதிய நற்செய்தி நூலின் 2-ஆம் அதிகாரத் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

யூதேயாவை ஆண்ட ஏரோது மன்னன் காலத்தில் இயேசு பிறந்ததாக இன்னொரு நற்செய்தியாளரான மத்தேயு சொல்கிறார். ஏரோது செத்தது கி.மு. 4-ல் என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாளர்களின் கணக்கு. (கிறிஸ்து எப்படி கிறிஸ்துவுக்கு முன் பிறந்தார் என்று கேட்காதீர்கள். 525 வாக்கில் தியோனிசியுஸ் என்ற துறவி போட்ட கணக்கில் சில வருடம் பிசகிவிட்டது, அவ்வளவுதான்.) லூக்காவும் ஏரோது காலத்தில்தான் கதையைத் தொடங்குகிறார். ஆனால் யோசேப்பும் மரியாவும் பெத்லகேமுக்குப் போகக் காரணமாக அவர் காட்டுவது, சிரேனியு சிரியாவின் ரோமானிய ஆளுநராக இருந்தபோது எடுத்த குடிமதிப்பை, அதாவது மக்கள் கணக்கெடுப்பை.

அந்தக் குடிமதிப்பு எப்போது நடந்தது என்பது தெரியும். யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதி வைத்திருக்கிறார். ஏரோதின் மகன் அர்கெலாயுவின் ஆட்சி தாங்காமல் அவனை ரோம் நாடு கடத்தியது. கி.பி. 6-ல் யூதேயா நேரடியாக ரோமின் கைக்குப் போனது. புதிதாகக் கிடைத்த நாட்டில் யாரிடம் என்ன சொத்து இருக்கிறது என்று தெரிந்தால்தானே வரி போட முடியும்? அதற்குத்தான் சிரேனியு வந்தார். கலிலேயனான யூதாசு என்பவன் இதை எதிர்த்துக் கலகம் செய்தான். அந்தக் கலகத்தை லூக்காவே பின்னால் அப்போஸ்தலர் பணிகள் என்ற தன் இன்னொரு நூலில் குறிப்பிடுகிறார். ஆக, ஏரோது இறந்து ஏறக்குறைய பத்து வருடம் கழித்து நடந்த குடிமதிப்பு இது. இரண்டும் ஒரே பிரசவத்தில் வந்து உட்கார முடியாது.

அதோடு முடியவில்லை. யோசேப்பின் ஊரான நாசரேத்து இருந்தது கலிலேயாவில். கலிலேயாவை ஆண்டது ஏரோதின் இன்னொரு மகன் அந்திப்பா. ரோம் யூதேயாவில் எடுத்த கணக்கு நாசரேத்துத் தச்சரை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்? அப்புறம், யோசேப்பு தாவீது மன்னரின் வம்சம் என்பதால் தாவீதின் ஊரான பெத்லகேமுக்குப் போனார் என்கிறார் லூக்கா. தாவீதோ யோசேப்புக்கு ஆயிரம் வருடம் முந்தியவர். முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் ஊரில் போய் நின்று பெயர் கொடு என்று எந்த வரி அதிகாரி சொல்வான்? அவனுக்கு வேண்டியது நீ இப்போது குடியிருக்கும் வீடும் உன் நிலமும்தான். கி.பி. 104-ல் எகிப்தின் ஆளுநர் போட்ட ஆணை ஒன்றைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். அதில் இருப்பது, வெளியூரில் இருப்பவர்கள் தங்கள் சொந்த வீட்டுக்குத் திரும்புங்கள் என்பதுதான். மூதாதையர் ஊருக்குப் போகச் சொல்லவில்லை. சிரேனியு இரண்டு முறை ஆளுநராக இருந்தார் என்று வாதாடுபவர்களும் உண்டு. ஏரோதின் கடைசி வருடங்களில் சிரியாவை ஆண்டவர்கள் சாத்தூர்நீனுஸும் வாருஸும் என்று பெயரோடு தெரியும்போது அந்த வாதம் நிற்கவில்லை.

அப்படியானால் எல்லாமே கட்டுக்கதையா? நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மத்தேயுவில் குடும்பம் பெத்லகேமில் ஒரு வீட்டில் இருக்கிறது. ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடி, திரும்பும்போது அர்கெலாயுவுக்குப் பயந்து நாசரேத்தில் குடியேறுகிறது. லூக்காவில் குடும்பம் முதலிலேயே நாசரேத்தில் இருக்கிறது. குடிமதிப்புதான் அதைப் பெத்லகேமுக்கு இழுத்து வருகிறது. சில வாரங்களில் எருசலேம் ஆலயத்துக்குப் போய்விட்டு நிம்மதியாக ஊர் திரும்புகிறார்கள். எகிப்து என்ற பேச்சே இல்லை. யூதர்கள் எதிர்பார்த்த மீட்பரான மெசியா பெத்லகேமிலிருந்து வர வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டில் உள்ள மீக்கா இறைவாக்கு. இயேசுவோ நாசரேத்துக்காரர் என்று ஊருக்கே தெரியும். இந்த இடைவெளியை இருவரும் ஆளுக்கொரு விதமாக அடைத்திருக்கிறார்கள். அதனாலேயே நாசரேத்து உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. கற்பனையாக எழுதுபவன் இப்படி ஒரு தொல்லையைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டான்.

பெத்லகேமின் ஆண் குழந்தைகளை ஏரோது கொன்றான் என்று மத்தேயு சொல்வதை ஜோசபஸ் சொல்லவில்லை என்பதை மட்டும் நான் பெரிய ஆயுதமாக எடுக்க மாட்டேன். பெற்ற பிள்ளைகளில் மூவரையும் கட்டிய மனைவி மரியாம்னேயையும் கொன்ற ஆள் அவன். சின்ன கிராமத்தில் நடந்த கொலைகள் பதிவாகாமல் போகலாம். மூன்று ராஜாக்கள், மாடு, கழுதை விஷயத்தில் மட்டும் சண்டைக்கே இடமில்லை. குழந்தையைப் பார்க்க வந்த ஞானிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, அவர்களை ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை. மாடும் கழுதையும் பின்னால் வந்து சேர்ந்தவை. குடிலில் வைத்துவிட்டுப் போங்கள், அழகாகத்தான் இருக்கிறது.

சரி, தேதிக்கே வருகிறேன், விட மாட்டீர்கள். 354-ல் ரோமில் ஒரு பணக்காரருக்காகத் தயாரித்த நாட்காட்டித் தொகுப்பு ஒன்று உண்டு. அதன் டிசம்பர் 25 கட்டத்தில் 'வெல்லப்படாதவர்' (சூரியக் கடவுளின் பட்டம்) பிறந்தநாள், 30 தேரோட்டங்கள் என்று இருக்கிறது. அதே தொகுப்பின் இன்னொரு பகுதியில், 336 வாக்கில் தொகுத்ததாகக் கருதப்படும் மறைசாட்சிகள் (நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்கள்) பட்டியலில், அதே நாளில் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்று இருக்கிறது. அந்த நாளில் சூரியனுக்கு விழா என்பதற்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சான்றும் இந்தத் தொகுப்புதான். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல இது போதாது. மார்ச் 25-ல் இயேசு இறந்தார் என்று, கி.பி. 200 வாக்கில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலேயே ஒரு கணக்கு இருந்தது. கருவான நாளும் அதுவே என்று வைத்து ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. எனக்கு இந்த விளக்கத்தின் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு. ரோமானியர்களின் டிசம்பர் பண்டிகையான சத்துர்னாலியாவை இழுக்காதீர்கள், அது 17-ல் தொடங்கி 23-க்குள் முடிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. கிறிஸ்துமஸ் புறச்சமயப் பண்டிகை என்று ஓங்கிச் சொன்னவர்கள் நாத்திகர்கள் அல்ல, தீவிரக் கிறிஸ்தவர்கள். பைபிளில் இல்லாத பண்டிகை என்று பியூரிட்டன்கள் 1659-ல் மாசசூசெட்ஸில் அதைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். 1681 வரை அது இருந்தது. இன்று நம் பகுத்தறிவுத் தோழர்கள் பகிர்வது அந்தப் பாதிரிமார்களின் பழைய பிரசங்கத்தைத்தான்.

ரோமானியர்கள் வணங்கிய மித்ரா என்ற கடவுளும் டிசம்பர் 25-ல் கன்னியிடம் பிறந்தார் என்று கமெண்டில் யாராவது வருவீர்கள், தெரியும். ரோமானியச் சிற்பங்களில் மித்ரா ஒரு கையில் கத்தியும் மறு கையில் தீப்பந்தமுமாகப் பாறையிலிருந்து பிறக்கிறார், அதுவும் வளர்ந்த ஆளாக. கன்னியும் தேதியும் எந்தப் பழைய மூலத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். படம் போட்ட மீம் கணக்கில் வராது.