ஸ்டேஷன் வாசல் வரைக்கும் எப்படிப் போவது?

அக்கா வீட்டுக்கு சிங்கப்பூர் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தோம், நானும் அம்மாவும். வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "அங்க மெட்ரோ சூப்பரா இருக்குமே"ன்னுதான் ஆரம்பிக்கிறார்கள். இருக்கிறதுதான், தமிழில் அறிவிப்புகூட வருகிறது. ஆனால் எனக்கு ரயிலைவிட மனசில் நின்றது ரயிலுக்கு நடந்து போகிற வழி.

அக்கா இருப்பது தோ பாயோ என்கிற பகுதியில். பிளாக்கை விட்டு இறங்கினால் கூரை போட்ட நடைபாதை, அது அப்படியே அடுத்த பிளாக், பஸ் ஸ்டாப், ஸ்டேஷன் வாசல் என்று போகிறது. ஒருநாள் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது, குடையைத் தேடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அக்கா பையன் சிரித்தான். ஸ்டேஷனைச் சுற்றி 400 மீட்டருக்குள் ஸ்கூல், ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் நடக்கிற வழிக்கெல்லாம் கூரை போடுவது என்று திட்டம் வைத்து, 2018-க்குள் 200 கிலோமீட்டருக்கு மேல் போட்டு முடித்தார்கள். மூட்டு வலிக்காரி எங்கள் அம்மா, 71 வயசு, நான்காவது நாளே தனியாகக் கிளம்பி லிட்டில் இந்தியா போய் கறிவேப்பிலையும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு வந்தாள். வழியில் தடுக்கி விழ எதுவுமே இல்லையாம், அதுதான் அவளுக்குப் பெரிய ஆச்சரியம்.

இதைச் சொன்னால் உடனே, "அது சின்னத் தீவுங்க, அதனால முடிஞ்சுது" என்பார்கள். தீவு மொத்தமும் சுமார் 730 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சி எல்லை 426. சின்ன ஊர் எது, சொல்லுங்கள்? (தீவும் நம்மிடம் இருக்கிறது, தீவுத்திடல். டிசம்பர் மழையில் வேளச்சேரியும் முடிச்சூரும்கூட சேர்ந்துகொள்ளும்.)

இடம் விரியாது என்கிற பயம்தான் அவர்களை யோசிக்க வைத்தது. நிலத்தில் நூற்றுக்கு 12 பங்கு ஏற்கெனவே ரோடு. அதனால் காரில் கை வைத்தார்கள். 1975-லேயே, நகரின் நடுப்பகுதிக்குள் காலை நேரத்தில் காரில் வந்தால் காசு கட்டி கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டவேண்டும் என்று கொண்டுவந்துவிட்டார்கள். முதல் மெட்ரோ ரயில் ஓடியது 1987-ல். இதை நன்றாகக் கவனியுங்கள், காருக்குக் கடிவாளம் போட்டுப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் ரயிலே வந்தது. நாமோ மெட்ரோ இரண்டாம் கட்டம் முடியட்டும், 118 கிலோமீட்டரும் ஓடட்டும், அப்புறம் பார்க்கிங்கைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

இப்போது அங்கே கார் வாங்கவேண்டுமென்றால் முதலில் ஏலத்தில் ஒரு அனுமதி எடுக்கவேண்டும், 1990-லிருந்து இருக்கிற முறை. பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். 2023-ல் சின்னக் காருக்கே அது ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது, நம் காசுக்கு 60 லட்சத்துக்கு மேல், காரின் விலை தனி. "அந்தக் காசுக்கு ஊர்ல வீடே கட்டலாம்டா" என்கிறார் மாமா. இதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை, பணக்காரனுக்கு மட்டும் கார் என்பதும் ஒரு நியாயமா என்ன. ஆனால் கார் வைத்திருப்பவன் தெருவை இலவச ஷெட்டாக வைத்துக்கொள்ள, கார் இல்லாதவன் அவன் பம்பரைச் சுற்றி ரோட்டில் இறங்கி நடக்கிற நம் முறைக்கு என்ன பேர்?

அங்கே எல்லாம் சொர்க்கம் என்றும் நினைக்கவேண்டாம். 2024 செப்டம்பரில் ஒரு லைனில் ஒரு பகுதி ஆறு நாள் படுத்துவிட்டது. அப்புறம், அந்த ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுகிற, கூரை மாட்டுகிற தொழிலாளிகளில் எத்தனையோ பேர் நம் ஊர்ப் பையன்கள், அவர்களை இன்னும் லாரியின் பின்னால் உட்காரவைத்துத்தான் வேலைக்குக் கூட்டிப்போகிறார்கள். சாயங்காலம் பாலத்தில் அப்படி ஒரு லாரியைப் பார்த்தபோது அம்மா வாயைத் திறக்கவே இல்லை.

சென்னைக்கு வருவோம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில், ஐந்து கிலோமீட்டர்தான், 2008-ல் தொடங்கியது, அரை கிலோமீட்டர் நிலப் பிரச்சினையில் வருஷக்கணக்கில் தொங்கியது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்று 2025-ல் ஆப் வந்தது, நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஆப் போனில்தானே இருக்கிறது, கால் ரோட்டில் அல்லவா இருக்கிறது. எங்கள் தெருமுனையிலிருந்து ஸ்டேஷன் 600 மீட்டர். அதற்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், மூடி உடைந்த மழைநீர் வடிகால், நடைபாதையிலேயே இரண்டு சக்கர வண்டிகள், ஒரு டீக்கடை (டீக்கடைமேல் எனக்குக் கோபமே இல்லை, அந்த வழியில் நிழல் தருவது அது ஒன்றுதான்). சுரங்கப்பாதை வெட்டக் கோடி கோடியாக எடுத்துவைக்கிற ஊரில் இந்த 600 மீட்டரைச் சமமாக்கி மேலே ஒரு தகரக் கூரை போட எவ்வளவு ஆகும்? ஒவ்வொரு ஸ்டேஷனையும் சுற்றி அரை கிலோமீட்டர் தூரத்துக்கு, அதைக் கேட்போம் முதலில். மூன்று வருஷம் முன்னால் அந்த வடிகால் பக்கத்தில்தான் அம்மா காலை மடக்கிக்கொண்டு விழுந்தாள்.

இன்று காலை தாம்பரத்தில் சித்தி வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். நடக்கலாமா என்றேன். ஒரு பார்வை பார்த்தாள். ஸ்டேஷன் வரை ஆட்டோ 60 ரூபாய். அங்கிருந்து தாம்பரத்துக்கு ரயில் டிக்கெட் 5 ரூபாய்.