சாவி கொடுத்த பிறகு என்ன ஆகிறது?

நம் கல்லூரிகளில் சிவில் தனி, ஆர்க்கிடெக்சர் தனி, நகரமைப்பு தனி. தூண் தாங்குமா என்பது ஒருவர் பாடம், பிளான் இன்னொருவர் பாடம். சாவி கொடுத்து ஆட்கள் குடியேறிய பிறகு அந்தக் கட்டடம் என்ன ஆகிறது என்பதை யார் படிக்கிறார்கள்? எனக்கு இதில் ரொம்ப நாளாகவே ஆதங்கம்.

ஆர்க்கிடெக்சர் படித்தவர்களுக்கு புரூயிட்-ஐகோ தெரிந்திருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மினோரு யமசாகி என்ற ஆர்க்கிடெக்ட் வடிவமைத்த அரசுக் குடியிருப்பு, 11 மாடியில் 33 கட்டடங்கள். 1954இல் ஆட்கள் குடியேறினார்கள், 1972இல் வெடிவைத்துத் தகர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வடிவமைப்பு தோற்றது என்று பாடத்தை முடித்துவிடுவார்கள். சில மாடிகளில் மட்டுமே நிற்கும் லிஃப்ட் மாதிரி கோளாறுகள் இருந்தது உண்மைதான். ஆனால் அரசுப் பணம் கட்டடம் எழுப்புவதற்குத்தான் வந்தது, பராமரிப்பை வாடகையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நகரத்தை விட்டு ஜனங்கள் வெளியேற வெளியேற வீடுகள் காலியாகி, வாடகை குறைந்து, ரிப்பேரான லிஃப்ட் அப்படியே கிடந்தது. இனப் பாகுபாடு வேறு. இதெல்லாம் பிளானில் தெரியுமா?

சரி, நம்மூர் சென்னையின் பெரும்பாக்கத்துக்கு வருவோம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில், இடம்பெயர்த்த குடும்பங்களுக்காக அரசு கட்டிய எட்டு மாடிக் கட்டடங்கள், வரிசை வரிசையாக. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றை இங்கேதான் கொண்டுவந்து விட்டார்கள். மழை வந்தால் இங்கேயும் தண்ணீர் நிற்கிறது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பழைய வேலை இருபது கிலோமீட்டருக்கு அப்பால். மேல் மாடியில் இருக்கும் ஒரு பாட்டிக்கு லிஃப்ட் நின்றால் அன்றைக்கு மருந்துக்கடைக்குப் போக வழியில்லை. வாசலில் அடுப்பு வைத்து இட்லி விற்றவருக்கு ஏழாவது மாடியில் வாசல் ஏது? லிஃப்ட், வடிகால், பஸ், பிழைப்பு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது துறைவாரியாகப் பிரித்து எப்படிப் புரிந்துகொள்வது?

ஆராய்ச்சி செய்பவர்கள் இல்லாமல் இல்லை. குடியிருப்பு உரிமைக்காக வேலை செய்பவர்கள் வீடு வீடாகப் போய் விவரம் திரட்டியிருக்கிறார்கள். அது வகுப்பறைக்குள் போதுமான அளவு வரவில்லை என்பதுதான் என் கோபம்.

நான் கேட்பது இதுதான். மூன்று துறை மாணவர்களும், கூடவே சமூகவியல் மாணவர்களும், ஒரு செமஸ்டர் முழுக்க ஒரே பிளாக்கைப் படிக்கட்டும். லிஃப்ட் எத்தனை நாள் ஓடியது, பராமரிப்புப் பணம் எங்கிருந்து வருகிறது, குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள், எல்லாவற்றையும் எழுதட்டும். அந்த அறிக்கை தமிழில் இருக்க வேண்டும். முதல் பிரதி அங்கே குடியிருப்பவர்கள் கையில் போக வேண்டும். தப்பு இருந்தால் அவர்கள் திருத்தட்டும், அதற்கப்புறம் மார்க் போடுங்கள்.